நிலம் நிலைக்க வேண்டுமானால் முதலில் பாகம் பிரியுங்கள்

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில், சிங்கப்பெருமாள் கோயில் – ஒரகடம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். தாத்தா 1958-இல் கிரயம் வாங்கிய 4 ஏக்கரும் அப்பா 1984-இல் வாங்கிய 2 ஏக்கரும் சேர்ந்து 6 ஏக்கர் நஞ்சையில் நான் பயிர் செய்துவருகிறேன். தாத்தா 1979-இலும், அவருக்குப் பின் பாட்டியும், 2018-இல் அப்பாவும் உயில் எழுதாமலேயே காலமானார்கள். அத்தைகள் இருவரும் அதற்கு முன்பே திருமணமாகிப் போய்விட்டார்கள். பட்டா முழுவதும் அப்பா பெயரில் இருக்கிறது. அம்மா என்னோடு இருக்கிறார். பெங்களூரில் இருக்கும் அண்ணன், சுற்றிலும் மனை போட்டுவிட்டார்கள், நாமும் கொடுத்துவிடலாம் என்கிறார். ஒரு புரோமோட்டருக்குப் பவர் எழுதித் தரும்படி அம்மாவை வற்புறுத்துகிறார். அக்காவுக்கு 1987-இல் கல்யாணமாகிவிட்டதால் அவருக்குப் பங்கே கிடையாது என்றும் சொல்கிறார். நிலத்தை விற்காமல் காப்பாற்ற வழி உண்டா? இனி யாரும் விற்கவே கூடாது என்று பத்திரத்தில் எழுதிவைக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

நிலத்தைக் காப்பாற்ற வழி இருக்கிறது. ஆனால் 6 ஏக்கரையும் முழுதாகக் காப்பாற்ற முடியும் என்று என்னால் உறுதி கூற இயலாது. சொத்துரிமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில் நான் பார்த்தவரை, நகரம் நெருங்கிவரும் ஊர்களில் விவசாயக் குடும்பத்தின் நிலம் பெரும்பாலும் புரோமோட்டர் கேட்டதால் கைவிட்டுப் போவதில்லை. இரண்டு மூன்று தலைமுறையாகப் பாகம் பிரிக்காமலேயே கிடந்ததால்தான் போகிறது. உங்கள் அண்ணனோடு பேச வேண்டியதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன அத்தைகளைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

தாத்தா தம் பணத்தில் கிரயம் வாங்கிய நிலம் அவருடைய தனிச் சொத்து. அவர் 1979-இல் உயில் எழுதாமல் காலமானபோது, 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த 4 ஏக்கர் உங்கள் பாட்டி, அப்பா, இரண்டு அத்தைகள் ஆகிய நால்வருக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்தது. பாட்டியும் உயில் எழுதாமல் மறைந்தபின் அவருடைய கால் பங்கு அவர் பிள்ளைகள் மூவருக்கும் வந்தது. ஆகவே, அத்தைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால், தாத்தாவின் 4 ஏக்கரில் உங்கள் அப்பாவுக்கு இருந்தது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே, அதாவது ஏறத்தாழ 1 ஏக்கர் 33 சென்ட். மீதி அத்தைகளுடையது, அவர்கள் இல்லையென்றால் அவர்களுடைய வாரிசுகளுடையது. பட்டா அப்பா பெயரில் இருப்பது வருவாய்க் கணக்குக்கான சான்று. அதுவே உரிமை மூலம் ஆகாது. இத்தனை ஆண்டுகள் அப்பா மட்டும் பயிர் செய்து தீர்வை கட்டினார் என்பதாலும் அத்தைகளின் உரிமை அழிந்துவிடவில்லை. கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவிப்பது எல்லோர் சார்பிலும் அனுபவிப்பதாகவே சட்டம் கொள்ளும். மற்றவர்களின் உரிமையை அவர்கள் அறிய வெளிப்படையாக மறுத்து, அதன்பின் 12 ஆண்டுகளுக்கு மேல் தனியே அனுபவித்தார் என்று நிரூபித்தால்தான் நிலைமை மாறும். உங்கள் குடும்பத்தில் அப்படி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

ஆதலால் முதல் வேலையாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1975-ஆம் ஆண்டு முதல் இன்றுவரை எல்லா சர்வே எண்களுக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அத்தைகள் விடுதலை எழுதியிருந்தால் அது அதில் வந்துவிடும். வராவிட்டால், நீங்களே அவர்களைத் தேடிச் சென்று முறைப்படி கேளுங்கள். அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலும், ஒரு தொகை கேட்டாலும், இரண்டும் அவர்களுடைய உரிமையே. அந்த விடுதலையை உங்கள் பெயருக்கு மட்டும் இரகசியமாக வாங்கிக்கொள்ளலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள்; அம்மா, அண்ணன், அக்கா, நீங்கள் நால்வர் பெயருக்குமே எழுதி வாங்குங்கள். அண்ணனுக்கு உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கைதான் இனிவரும் பேச்சுகளுக்கெல்லாம் அடிப்படை. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோருக்கிடையே எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகையும் உச்ச வரம்பும் உண்டு. அத்தைக்கும் மருமகனுக்கும் இடையிலான விடுதலைக்கு அது பொருந்துமா என்பதைப் பத்திரம் எழுதுவதற்கு முன்பே சார்பதிவாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் உங்கள் பகுதியின் இன்றைய வழிகாட்டி மதிப்பில் அந்த வேறுபாடு பெருந்தொகையாக இருக்கும்.

அடுத்து அக்காவின் பங்கு. 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை இல்லை என்று தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் ஒரு காலத்தில் சொன்னது உண்மைதான். அண்ணன் நினைவில் வைத்திருப்பது அதைத்தான். ஆனால் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டது. மகளின் உரிமை பிறப்பால் வருவது என்பதை 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கிடமின்றி உறுதிசெய்தது. உங்கள் வழக்கில் அந்தத் தீர்ப்பு வரைகூடப் போக வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் விவரப்படி இது பூர்வீகச் சொத்தே அல்ல. அப்பாவுக்குத் தனி உரிமையாக வந்த சொத்து. அப்படிப்பட்ட சொத்தில் 1956 முதலே மகளுக்கு மகனோடு சம பங்கு உண்டு. கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம் என்பது நிலத்தின் பங்கைக் கழிக்கும் கணக்காகாது. அத்தைகள் விட்டுக்கொடுத்தால் உங்கள் நால்வருக்கும் ஆளுக்கு 1 ஏக்கர் 50 சென்ட்; விட்டுக்கொடுக்காவிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 83 சென்ட். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இப்போது பவர் பத்திரத்துக்கு வருகிறேன். அம்மா எதிலும் கையெழுத்திட வேண்டாம். முன்பணம் பெற்றுக்கொண்டு புரோமோட்டருக்கு எழுதித் தரும் பொது அதிகாரப் பத்திரம், அவருக்கும் அந்தச் சொத்தில் நலன் ஏற்படுத்துவதாக எழுதப்பட்டிருந்தால், நாளை மனம் மாறி ரத்து செய்ய முடியாமல் போகலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. வயதான தாய்மார்கள் 'அளவைக்கு ஒரு கையெழுத்து' என்று நம்பிப் போட்டுவிட்டு, பிறகு ரத்து வழக்கு நடத்தும் துன்பம் வேண்டாம். அண்ணன் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருக்கிறாரா என்பதையும் நேரடியாக, கோபமில்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கியிருந்தால் அது அவருடைய பங்கை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆனாலும், எவ்வளவு வாங்கினார், என்ன எழுதிக் கொடுத்தார் என்பது தெரியாமல் உங்களால் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாது.

அண்ணன் தம்முடைய பிரிக்கப்படாத பங்கை வெளியாருக்கு விற்க முடியுமா என்றால், முடியும். வாங்கியவர் உடனே ஒரு மூலையில் வேலி போட்டு உட்கார முடியாது, பாகப்பிரிவினை வழக்குத்தான் போட வேண்டும். ஆனால் அந்த வழக்கு ஒன்றே உங்கள் பயிர்த்தொழிலை முடக்கப் போதுமானது. இங்கே உங்களுக்குத் துணையாக ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. உயிலின்றி இறந்தவரின் அசையாச் சொத்து மனைவி, பிள்ளைகள் போன்ற முதல் வகுப்பு வாரிசுகள் பலருக்கு வந்து, அவர்களில் ஒருவர் தம் பங்கை விற்க முனைந்தால், மற்ற வாரிசுகளுக்கு அதை வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை உண்டு என்கிறது வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. விலையில் உடன்பாடு ஏற்படாவிட்டால் நீதிமன்றம் விலையை நிர்ணயிக்கும். இந்தப் பிரிவு விவசாய நிலத்துக்குப் பொருந்துமா என்ற ஐயம் பல ஆண்டுகளாக இருந்தது. பொருந்தும் என்று 2019-இல் பாபு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. வெளியாரிடம் பேச்சு நடப்பது தெரிந்தவுடன் நீங்களும் அக்காவும் இந்த உரிமையைப் பயன்படுத்துவதாக எழுத்து மூலம் அண்ணனுக்கும் அந்தப் புரோமோட்டருக்கும் தெரிவித்துவிடுங்கள்.

இதை மிரட்டலாகச் செய்ய வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் கேட்பது அநியாயமல்ல. ஊரைவிட்டுப் போன பிள்ளைக்கு அந்த நிலத்தால் இத்தனை ஆண்டுகள் வந்த பயன் மிகக் குறைவாகவே இருந்திருக்கும். அவர் பங்குக்கு நியாயமான விலை கொடுப்பது உங்கள் கடமை. அதே நேரத்தில், புரோமோட்டர் ஏக்கருக்குச் சொல்லும் விலை எதற்கானது என்பதை இருவரும் விளங்கிக்கொள்ள வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016 முதல் தடை இருப்பதால், மனைப்பிரிவு போட முறையான அனுமதி, போதிய அகலமுள்ள சாலை, நிலப் பயன்பாட்டு மாற்றம் எல்லாம் தேவை. அந்த விலை வில்லங்கமில்லாத, சாலை முகப்புள்ள 6 ஏக்கர் மொத்தத்துக்குமான விலை. அத்தைகளின் உரிமை தீராத, உள்ளே ஒடுங்கிய ஒரு பிரிக்கப்படாத பங்குக்கு எவரும் அந்த விலை தரப்போவதில்லை. உண்மையான விலை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை இருவரும் சேர்ந்து அமர்த்திக் கணக்கிடுவது நல்லது.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். என் கருத்து இது: சாலை முகப்பில் இருக்கும் பகுதியை அண்ணன் பங்காக ஒதுக்கிக் கொடுத்துவிடுங்கள். சதுர அளவில் சற்றுக் குறைவாக அவர் பெற்றாலும், மதிப்பில் அவருக்கு நட்டமிருக்காது. கிணறும், மோட்டார் இணைப்பும், ஏரி மடையிலிருந்து வரும் வாய்க்காலின் தலைமாடும் உள்ள பகுதியை நீங்களும் அக்காவும் அம்மாவும் வைத்துக்கொள்ளுங்கள். சொர்ணவாரியும் சம்பாவும் நவரையும் மாறி மாறி விளையும் நஞ்சைக்கு உயிர் சாலையில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. 6 ஏக்கரையும் பிடித்துக்கொள்ளக் கடன்பட்டு அத்தனையையும் இழப்பதைவிட, நீர் வசதியோடு கூடிய 3 அல்லது 4 ஏக்கரை வில்லங்கமில்லாமல் வைத்திருப்பது மேல். முழு நிலத்தையும் தனியார் நிதி நிறுவனத்தில் அடகு வைத்து அண்ணனுக்குப் பணம் கொடுக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். தவணையாகக் கொடுக்க அண்ணன் ஒப்புக்கொண்டால் தவணைத் தேதிகளைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி யாரும் விற்கவே கூடாது என்று எழுத முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு விடை, முடியாது என்பதே. சொத்தைக் கொடுத்துவிட்டு, பெற்றவர் அதை எவருக்கும் எக்காலத்தும் விற்கக் கூடாது என்று விதிக்கும் நிபந்தனை, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 10-ஆம் பிரிவின்படி செல்லாது. உயிலிலும், உயிரோடிருக்கும்போதே எழுதித் தரும் செட்டில்மெண்டிலும் பல பெற்றோர் நம்பிக்கையோடு இந்த வரியை எழுதிவைக்கிறார்கள். நீதிமன்றத்தில் அது நிற்பதில்லை. ஆனால் அதைவிட எளிமையான, உறுதியான ஏற்பாடு ஒன்று உண்டு. பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே, பங்குதாரர் எவர் விற்க நேர்ந்தாலும் முதலில் மற்றப் பங்குதாரர்களுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, குறித்த காலம் காத்திருந்து, அவர்கள் வாங்க மறுத்தால் மட்டுமே வெளியாருக்கு விற்க வேண்டும் என்ற முன்கொள்முதல் ஷரத்தை எழுதுங்கள். சகோதரர்களுக்கிடையே இப்படி எழுதிய ஷரத்து பின்வரும் வாரிசுகளையும், அதை அறிந்து வாங்குபவரையும் கட்டுப்படுத்தும் என்று 1967-இல் ராம் பரன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இது மிக முக்கியம், ஏனென்றால் பாகம் பிரிந்து தனித்தனி உரிமை ஆனபிறகு, மேலே நான் சொன்ன 22-ஆம் பிரிவின் முன்னுரிமை உங்களுக்குக் கிடைக்காது. விலையை எப்படி நிர்ணயிப்பது, காத்திருக்கும் காலம் 90 நாளா 180 நாளா என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

பத்திரத்தில் வர வேண்டிய இன்னொன்று தண்ணீரும் வழியும். கிணறு எவர் பங்கில் விழுந்தாலும் மற்றவர்களுக்கு முறைத் தண்ணீர் எத்தனை மணி நேரம், மோட்டார் இணைப்பு யார் பெயருக்கு மாறும், வண்டிப் பாதை எத்தனை அடி அகலம், எந்த வரப்பு வழியாக வாய்க்கால் போகும் என்பனவற்றை வரைபடத்தோடு சேருங்கள். பதிவானதும் தாலுகா அலுவலகத்தில் உட்பிரிவு செய்து தனித்தனிப் பட்டா வாங்குங்கள். கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் பட்டா உங்கள் பெயரில் இருந்தால்தான் அலைச்சல் குறையும். அக்கா தம் பங்கை வைத்துக்கொண்டு உங்களையே பயிர் செய்யச் சொன்னால், ஆண்டுதோறும் ஓர் ஒப்பந்தம் எழுதி, விளைச்சலில் அவருக்கு எவ்வளவு என்பதையும், நீங்கள் அவர் சார்பில்தான் அனுபவிக்கிறீர்கள் என்பதையும் குறித்துவிடுங்கள். 1955-ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து, தம்பி நாளை உரிமை கொண்டாடிவிடுவானோ என்று அவர் அஞ்சி, அந்த அச்சத்தாலேயே பங்கை விற்றுவிடும்படி ஆகிவிடக் கூடாது.

குடும்பத்துக்குள் எல்லாம் தீர்ந்தாலும் வேலிக்கு அப்பால் தீராத வேலை ஒன்று காத்திருக்கிறது. சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-இல் விரிவாக்கப்பட்டதிலிருந்து உங்கள் பக்கத்து ஊர்களில் மனைப்பிரிவுகளின் வேகம் கூடியிருக்கிறது. மனை போடுபவர்கள் லாரி லாரியாக மண்ணடித்து மேடாக்கும்போது, உங்கள் வயலில் விழும் மழைநீர் இயல்பாக வடிந்துகொண்டிருந்த தாழ்ந்த நிலம் அடைபட்டு, வயல் குளமாகிவிடும். மேட்டு நிலத்து நீர் இயல்பாகத் தாழ்ந்த நிலம் வழியே வடிவதைத் தடுக்கக் கூடாது என்பது 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதே சட்டப்படி, 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி, உரிமையாகப் பயன்படுத்திய தனியார் நிலத்து வழியும் வாய்க்காலும் உங்கள் உரிமையாகின்றன. சர்க்கார் வாய்க்காலாக இருந்தால் அதை எந்த மனைப்பிரிவும் விழுங்க முடியாது. ஆனால் இந்த உரிமைகளெல்லாம் மதில் எழும்புவதற்கு முன் பேசினால் எளிதில் கிடைக்கும், எழும்பிய பின் பேசினால் வழக்காகும். ஆகவே இப்போதே, சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தின் நகல் வாங்கி, நில அளவையரைக் கொண்டு அளந்து, நான்கு எல்லையிலும் கல் நடுங்கள். வண்டிப் பாதை, வாய்க்கால், மடை ஆகியவற்றைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிலத்தில் மனைப்பிரிவுக்கு விண்ணப்பித்திருப்பதாகத் தெரிந்தால், நகர் ஊரமைப்புத் துறை அல்லது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், ஊராட்சி, வட்டாட்சியர் மூவருக்கும் அந்த வரைபடத்தை இணைத்து எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள்.

ஏரியைத் தனியொருவராக உங்களால் காக்க முடியாது. ஆயக்கட்டு விவசாயிகள் சேர்ந்து, ஏரி நீர்வளத் துறையினுடையதா ஊராட்சி ஒன்றியத்தினுடையதா என்று முதலில் அறிந்து, கழிவுநீர் கலப்பதையும் உபரி நீர் வெளியேறும் கலங்கல் அடைபடுவதையும் அவரவரிடம் முறையிட வேண்டும். ஆக்கிரமிப்புக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் நிலம் எந்தத் திட்டப் பகுதியில், எந்தப் பயன்பாட்டு மண்டலத்தில் வருகிறது என்பதைக் கேட்டறிந்து, விவசாய மண்டலமாகவே நீடிக்க வேண்டும் என்று ஊரார் சேர்ந்து மனுக் கொடுப்பதும் பயனுள்ளது. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் மாவட்டத்துக்குப் பொருந்தாது. அதை நம்பியிருக்க வேண்டாம்.

அண்ணன் தம் பகுதியை விற்கும்போது வரி வருமா என்பது நகராட்சி எல்லையிலிருந்து நிலம் இருக்கும் தூரத்தைப் பொறுத்தது. மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரையுள்ள நகராட்சியிலிருந்து 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையானால் 6, அதற்கும் மேலானால் 8 கிலோமீட்டருக்குள் இருந்தால் அது வருமான வரிக் கணக்கில் மூலதனச் சொத்து, விற்ற லாபம் வரிக்கு உட்படும். இந்தத் தூரம் நேர்கோட்டில் அளக்கப்படுவது. உங்கள் ஊராட்சியே நகராட்சியோடு இணைக்கப்பட்டால் தூரக் கணக்குக்கு இடமிருக்காது. விற்பதற்கு முன் ஓர் ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவைப் பற்றி ஒன்று. அவருடைய பங்கை இப்போதே எந்தப் பிள்ளைக்கும் செட்டில்மெண்ட் எழுத வைக்காதீர்கள், உங்களுக்கும்தான். அவர் பெயரிலேயே இருக்கட்டும். விரும்பினால் உயில் எழுதட்டும். எழுதித்தான் தருவேன் என்று அவரே வற்புறுத்தினால், ஆயுட்கால அனுபவ உரிமையை அவருக்கு நிறுத்தி, பராமரிப்பு நிபந்தனையையும் சேர்த்து எழுதுங்கள். பராமரிக்கத் தவறினால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழி அவருக்கு இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் அண்ணன் இணங்காவிட்டால் உடனே வழக்குக்குப் போகாதீர்கள். பாகப்பிரிவினை வழக்கில் முதனிலைத் தீர்ப்பாணை, பிறகு ஆணையர் வந்து அளப்பது, அதன்மேல் ஆட்சேபங்கள், இறுதித் தீர்ப்பாணை என்று ஆண்டுகள் ஓடும். அதற்குப் பதிலாக, செங்கல்பட்டில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கு தொடுப்பதற்கு முந்தைய சமரசத்துக்கு ஒரு மனுக் கொடுங்கள். அங்கே எல்லாத் தரப்பினரும் உடன்பட்டு மக்கள் நீதிமன்றத்தில் பதிவாகும் தீர்வு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரான வலிமை உடையது; அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. அந்த மனுவோடு வில்லங்கச் சான்று, 1958 மற்றும் 1984 கிரயப் பத்திரங்கள், தாத்தா, பாட்டி, அப்பா ஆகியோரின் இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்றுகள், புலப்படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துவிடுங்கள். அத்தைகளையும், அல்லது அவர்கள் பிள்ளைகளையும், மனுவில் ஒரு தரப்பாகச் சேர்க்க மறக்காதீர்கள்.